ஆராய்ச்சிக் கொள்கை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது?

அலையாத்தி எழுதியது:

வணக்கம். டெல்டா பகுதியில் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியில் தாவரவியல் உதவிப் பேராசிரியர். பதினோரு வருட சர்வீஸ். போன வாரம் முதல்வர் கூப்பிட்டு, "ஆராய்ச்சி மேம்பாட்டுப் பிரிவுக்கு இனிமே நீங்கதாம்மா ஒருங்கிணைப்பாளர். தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வருது. கொள்கைன்னு ஒண்ணு வேணும், பத்து நாள்ல எழுதிக் கொடுத்துடுங்க" என்றார். மாதிரிக்கென்று வேறு நான்கு கல்லூரிகளின் கொள்கைகளை பிரிண்ட் எடுத்தும் கொடுத்தார். நான்கிலும் "ஆராய்ச்சிச் சூழலை ஊக்குவித்தல்", "தரமான வெளியீடுகளை உறுதி செய்தல்" என்று ஒரே வரிகள். படித்து முடித்தபோது, நாளைக் காலை ஒரு ஸ்காலர் என் முன்னால் வந்து நின்றால் அவளுக்கு நான் என்ன செய்து கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை.

எனக்கு இது வெறும் எழுத்து வேலை இல்லை. காரணத்தைச் சொல்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் வேறொரு கல்லூரியில் இருந்தபோது, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு மண்ணில் உள்ள பூஞ்சைகள் பற்றி ஒரு மத்திய அரசுத் திட்டம் கிடைத்தது. அந்தத் துறைக்கு வந்த முதல் திட்டம் அது. மாலை போடாத குறைதான். வனத்துறை அனுமதிக்கு அலைந்து, படகு பிடித்து, மழைக்கு முன் ஒரு தடவையும் மழைக்குப் பின் ஒரு தடவையுமாக இருநூற்றுச் சொச்சம் மண் மாதிரிகள் எடுத்தோம். எடுத்ததில் பாதி என் திட்டத்தில் ஜேஆர்எஃப் ஆக, அதாவது உதவித்தொகை பெறும் இளநிலை ஆய்வாளராக, இருந்த பெண் முழங்கால் சேற்றில் நின்று எடுத்தவை.

அந்தப் பெண்ணுக்கு ஐந்து மாதம் உதவித்தொகை போடவில்லை. இரண்டாம் வருடத் தவணை வரவில்லை. ஏன் வரவில்லை? முதல் வருட யூசி, அதாவது பணத்தைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்று, போகவில்லை. அது ஏன் போகவில்லை? அலுவலகத்தில் ஆடிட்டருக்கு அனுப்பவே இல்லை. "அது உங்க புராஜெக்ட்தானே மேடம், நீங்கதான் பார்த்துக்கணும்" என்று அலுவலகம் சொன்னது. "கணக்கு உங்ககிட்டதானே இருக்கு" என்று நான் சொன்னேன். இதற்குள் அவள் பி.எட். முடித்தவள் என்பதால் ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது ஃப்ரீசர் சாவியையும், எந்த அடுக்கில் எந்த மாதிரி என்று நான்கு பக்கத்துக்குக் கைப்பட எழுதிய பட்டியலையும் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இப்போது நான் அலுவலகத்துப் பக்கம் உட்காரப் போகிறேன். இன்னொரு பெண்ணுக்கு இப்படி நடக்கக் கூடாது. நிர்வாகம் ஆராய்ச்சியை மேற்பார்வை பார்ப்பது என்றால் என்ன, துணை நிற்பது என்றால் என்ன என்று உள்ளே இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். கொள்கையில் எழுதினால் உண்மையிலேயே நடக்கக்கூடியவை எவை?

குடந்தை_நாக் எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன். ஆராய்ச்சி வளர்ச்சிக்குக் கொள்கை இருக்கிறதா, இணையதளத்தில் போட்டிருக்கிறீர்களா, அது நடைமுறையில் இருக்கிறதா, இந்த மூன்றையும் நாக் கேட்கும். முதல் இரண்டையும் எல்லோரும் காட்டிவிடுவார்கள். மூன்றாவதற்குக் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள் வேண்டும். 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஆராய்ச்சி மேம்பாட்டுப் பிரிவு அமைப்பதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. குழு அமைப்பை அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். மற்றதை அனுபவசாலிகள் சொல்லட்டும்.

பழைய_செக்‌ஷன்காரர் எழுதியது:

மேடம், வணக்கம். ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சித் திட்டப் பிரிவில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். 24 வருடமும் ஒரே பிரிவு. உங்கள் பதிவைப் படித்ததிலிருந்து அந்த நான்கு பக்கப் பட்டியல்தான் மனதில் நிற்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்த நான்கு மாதிரிக் கொள்கைகளையும் மூடி வையுங்கள். உங்கள் பழைய திட்டத்தின் விண்ணப்பம் இருக்குமே, அதை எடுத்து, முதல்வர் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்த ஒரு பக்கத்தைப் பாருங்கள். நிறுவனத் தலைவரின் ஒப்புதல் சான்று. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை (டிஎஸ்டி) ஆகட்டும், பழைய செர்ப் ஆகட்டும், இப்போது அதன் இடத்துக்கு வந்திருக்கும் ஏஎன்ஆர்எஃப் ஆகட்டும், ஆராய்ச்சிக்கு நிதி தரும் எந்த ஏஜென்சிக்கு விண்ணப்பித்தாலும் கிட்டத்தட்ட ஒரே வாசகம்தான். அடிப்படை வசதிகளை நிறுவனம் கொடுக்கும். முதன்மை ஆய்வாளர் இடையில் விலகினால் இணை ஆய்வாளர் பொறுப்பேற்பார். திட்டத்தின் நிதிப் பொறுப்பையும் நிர்வாகப் பொறுப்பையும் நிறுவனமே ஏற்கும்.

"அது உங்க புராஜெக்ட்தானே மேடம்" என்று உங்களிடம் சொன்னார்களே, அது அந்தக் கையெழுத்துக்கே விரோதம். மானியம் நிறுவனத்துக்கு வருகிறது, உங்களுக்கு அல்ல. வேலையைச் செய்கிற பொறுப்புதான் உங்களுடையது. என் சர்வீஸில் இந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட அதிகாரிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கடைசித் தேதியன்று மாலை நாலரைக்கு ஆய்வாளர் ஓடி வருவார், மேலதிகாரி எழுந்து நின்றபடியே போட்டுக் கொடுப்பார். உங்கள் கொள்கையின் முதல் பத்தியில் அந்த வாக்குறுதியைத் தமிழில் எழுதுங்கள். ஒவ்வொரு வாக்குறுதிக்கும் நேரே ஒரு பதவிப் பெயரையும் எத்தனை நாள் என்பதையும் எழுதுங்கள். எங்கள் பிரிவில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது இதுதான்: பெயர் இல்லாத வேலையை யாரும் செய்வதில்லை.

அடுத்தது அந்தப் பெண்ணின் உதவித்தொகை. இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். ஜேஆர்எஃப் தொகையை 2023 ஜனவரி முதல் 31,000-இலிருந்து 37,000 ஆக்கினார்கள். முதுநிலை ஆய்வாளருக்கு (எஸ்ஆர்எஃப்) 42,000. வீட்டு வாடகைப்படி தனி. ஆணை வந்தபோது எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் தேதிக்கு வராத 37,000-ஐ நம்பி எந்த வீட்டுக்காரரும் வீடு கொடுப்பதில்லை. தவணை தாமதமாவது ஏதோ ஒரு வருடம் நடக்கிற விபத்து இல்லை, பெரும்பாலான வருடங்களில் அப்படித்தான். அப்படியென்றால் அதற்கு ஏற்பாடு செய்து வைப்பதுதானே நிர்வாகம்?

மானியத்தில் மேல்செலவு என்று ஒரு தலைப்பு வருகிறது. ஓவர்ஹெட் என்போமே, அதுதான். இது நிறுவனத்துக்கென்றே கொடுக்கப்படும் பணம். பல இடங்களில் இது பொது நிதியில் கலந்து காம்பவுண்டுச் சுவருக்குச் சுண்ணாம்பாகப் போய்விடும். எங்கள் இடத்திலும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நிதி அலுவலர் வந்தார், கணக்கில் கறாரான மனிதர். அவரிடம் ஒரு கோப்பு வைத்தேன். குறிப்பின் வாசகம் இன்றும் நினைவிருக்கிறது: "வரவேண்டிய மானியத்தை எதிர்நோக்கி, ஆய்வாளர்களின் மாதாந்திர உதவித்தொகையை மேல்செலவு நிதியிலிருந்து முன்பணமாக வழங்கலாம், மானியம் வரப்பெற்றதும் ஈடுசெய்து கொள்ளப்படும், ஒரு திட்டத்துக்கு அதிகபட்சம் ஆறு மாதம்." அவர் மூன்று முறை திருப்பி அனுப்பினார். "ஏஜென்சி பணமே தராமல் போனால்?" என்று ஓரத்தில் எழுதினார். முந்தைய பத்து வருடத்தில் உதவித்தொகைத் தலைப்பில் ஏஜென்சி கடைசிவரை தராமலே போன தொகை எவ்வளவு என்று பேரேட்டைப் புரட்டிக் கணக்கெடுத்துக் கொடுத்தேன். ஒரே ஒரு திட்டம்தான், அதுவும் ஆய்வாளர் வெளிநாடு போய்த் திரும்பாத கேஸ். அதன் பிறகு பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். நிதிக்குழுவுக்குப் போய் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டிலும் ஒப்புதல் ஆனது. அதற்குப் பிறகு எங்கள் ஸ்காலர்களுக்கு மாதம் ஐந்தாம் தேதிக்குள் வங்கியில் ஏறிவிடும். உங்கள் கல்லூரியில் இதற்குப் பெரிய தொகை தேவைப்படாது. மூன்று ஸ்காலர்களுக்கு நாலு மாதம் ஓட்டக்கூடிய சுழல் நிதி இருந்தால் போதும்.

யூசி பற்றி. பொது நிதி விதிகளின்படி படிவம் ஜிஎஃப்ஆர் 12-ஏ. நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் அனுப்பலாம் என்று விதி சொல்கிறது. அந்த 12 மாதத்தை நம்பிக் கெட்டவர்கள் நிறைய. யூசி போகாமல் அடுத்த தவணை நகராது. ஏப்ரல் முதல் வாரத்தில் தற்காலிகக் கணக்கு, மே மாதத்துக்குள் ஆடிட்டர் கையெழுத்து என்று கொள்கையிலேயே தேதி போடுங்கள். பொறுப்பு அலுவலகக் கண்காணிப்பாளருக்கு, ஆய்வாளருக்கு அல்ல. வட்டி விழுந்திருந்தால் அதையும் கணக்கில் காட்டி பாரத்கோஷ் என்ற இணையதளம் வழியாக அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். ஐந்நூறு ரூபாய் வட்டியைக் காட்டாமல் விட்டதற்கு நான்கு மாதம் கடிதப் போக்குவரத்து நடந்த திட்டம் எனக்குத் தெரியும்.

இப்போது பல திட்டங்களுக்கு ஜீரோ பேலன்ஸ் கணக்கு முறை வந்துவிட்டது. பணம் உங்கள் கணக்கில் உட்கார்ந்திருக்காது. செலவு வரம்புதான் ஒதுக்குவார்கள், மார்ச் 31-க்குள் செலவழிக்காவிட்டால் அது போய்விடும். வரம்பே ஜனவரியில் வந்தால் என்ன செய்வது? ஸ்பெசிஃபிகேஷன், கொள்முதல் குழு, மின் இணைப்பு, இடம், எல்லாவற்றையும் சாங்ஷன் ஆர்டர் வந்த மாதமே தயாராக்கி வைக்க வேண்டும். ஒரு கருவிக்கு மூன்று ஃபேஸ் லைன் வேண்டும் என்பதைக் கருவி வந்து இறங்கிய பிறகு கண்டுபிடிக்கிற நிறுவனத்தில்தான் நானும் வேலை பார்த்திருக்கிறேன். அட்டைப் பெட்டியைப் பிரிக்காமலே வாரண்டி முடிந்துபோன சென்ட்ரிஃப்யூஜைப் பார்த்தவன்.

அடுத்து ஒரு சின்ன விஷயம் மாதிரித் தெரியும். எனக்கு இதுதான் பெரியது. ஒரு பொங்கல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு கேட்டுக்கு ஒரு தெர்மாகோல் பெட்டி வந்தது. உயிர்த்தொழில்நுட்பத் துறைக்கு என்சைம்கள், டிரை ஐஸில். வாட்ச்மேன் முறைப்படி கையெழுத்துப் போட்டு வாங்கி, முறைப்படி தபால்கள் வரும் டப்பால் அறையில் வைத்துப் பூட்டினார். லீவு முடிந்து புதன்கிழமை இன்வார்டு நம்பர் போட்டு, மதியம் துறைக்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்காலர் பையன் பெட்டியைத் திறந்தான். உள்ளே ஐஸ் ஒரு துளி இல்லை. குழாய்கள் அறைச் சூட்டில் கிடந்தன. முப்பத்தெட்டாயிரம் ரூபாய்ச் சரக்கு. அவன் அதை எங்கள் பிரிவுக்கே தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தான். திட்டவில்லை. "சார், இதுக்கு ஸ்டாக் என்ட்ரி போடணுமா, வேணாமா?" என்று மட்டும் கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

யார் மேல் தப்பு? வாட்ச்மேன் செய்தது எல்லாமே சரி. குளிர்ப் பெட்டி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் கேட்டில் ஒரு அட்டை மாட்டினோம். "குளிர் பார்சல் – எந்த நேரமானாலும், விடுமுறையானாலும் உடனே அழைக்கவும்" என்று எழுதி, ஆறு லேப்களின் கைப்பேசி எண்கள். தெர்மாகோல் பெட்டியும் சிவப்பு ஸ்டிக்கரும் எப்படி இருக்கும் என்று வாட்ச்மேன்கள் மூன்று பேரையும் லேபுக்கே கூட்டிப் போய்க் காட்டினோம். இன்வார்டு பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று பதிவாளரிடம் சுற்றறிக்கை வாங்கினேன். அதற்குப் பிறகு என் காலத்தில் ஒரு பெட்டிகூடக் கெடவில்லை. பெரிய கமிட்டி எதுவும் செய்யாத உதவியை அந்த அட்டை செய்தது மேடம்.

மேற்பார்வை பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கெல்லாம் விதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. பிஎச்.டி.க்கு யுஜிசியின் 2022 ஒழுங்குமுறை. உதவிப் பேராசிரியருக்கு நான்கு பேர், இணைப் பேராசிரியருக்கு ஆறு, பேராசிரியருக்கு எட்டு. குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு, அதன் மேல் நீட்டிப்பு. கருத்துத் திருட்டுக்கு 2018 ஒழுங்குமுறை. 10 விழுக்காடு வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை, அதற்கு மேல் படிப்படியாக ஏறி 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆய்வேடு சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற வேண்டும். விலங்குகளை வைத்து வேலை செய்தால் அதற்கொரு குழு, மனிதர்களிடம் தகவலோ ரத்தமோ எடுத்தால் நெறிமுறைக் குழு. இவற்றைக் கொள்கையில் மறுபடி நகல் எடுத்து எழுதாதீர்கள். குழு எந்த மாதங்களில் கூடும், விண்ணப்பத்துக்கு எத்தனை நாளில் பதில் தரும் என்று மட்டும் எழுதுங்கள். கூடாத நெறிமுறைக் குழுவுக்காக எட்டு மாதம் காத்திருந்த ஆய்வு மாணவியை நான் அறிவேன்.

மூன்றாம்_ஆண்டு_ஸ்காலர் எழுதியது:

மேம், உங்கள் பதிவை எங்கள் ஹாஸ்டலில் ஐந்து பேர் படித்துவிட்டோம். சார் எழுதியதையும்.

நான் கேட்பது ஒன்றுதான். கொள்கையில் ஸ்காலருக்கு என்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எங்களுடைய எல்லாக் காகிதமும் கைடு வழியாகத்தான் போகிறது. வீட்டு வாடகைப்படி (ஹெச்ஆர்ஏ) படிவம், மாத வருகைச் சான்று, கான்ஃபரன்ஸ் அனுமதி, டாக்டோரல் கமிட்டி (டிசி) மீட்டிங் தேதி எல்லாமே. கைடு நல்லவராக இருந்தால் சரி, என் கைடு நல்லவர். என் பக்கத்து லேப் அக்காவின் கைடு ஓய்வு பெற்றுவிட்டார். புதுக் கைடு மாற்றிக் கொடுக்க ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் வருகைச் சான்றில் யார் கையெழுத்துப் போடுவது என்று தெரியாமல் அவர் உதவித்தொகை நின்றது. ஃபைல் எங்கே இருக்கிறது என்று கேட்கப் போனால், "கைடை வரச் சொல்லும்மா" என்கிறார்கள். எந்தக் கைடை?

கைடு ஓய்வு பெறும் தேதி எல்லோருக்கும் வருடக்கணக்கில் முன்பே தெரியும். ஆறு மாதம் முன்பே மாற்று ஏற்பாடு முடிந்திருக்க வேண்டும் என்று எழுதுங்கள் மேம். இடைப்பட்ட காலத்தில் துறைத்தலைவர் கையெழுத்துச் செல்லும் என்றும் எழுதுங்கள்.

இன்னொன்று, கைடு வழியாகப் போகாமல் நாங்களே நேராக வந்து பேச ஒரு ஆள் வேண்டும். யுஜிசியின் 2023 ஒழுங்குமுறைப்படி மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் அதில் புகார் என்று எழுதிக் கொடுத்தால்தான் அசையும். எங்களில் பாதிப் பேருக்குப் புகார் எழுதத் தேவையில்லை. ஒருவரைப் பார்த்து, "இப்படி ஆகுது, என்ன பண்ணலாம்?" என்று கேட்டால் போதும்.

கொங்கு_வேதியியல் எழுதியது:

ஒரு சுயநிதிக் கல்லூரியில் ஆராய்ச்சிப் புலத்தலைவராக ஆறு வருடம் இருந்தேன். பெரியவர் எழுதியதில் பெரும்பகுதியோடு உடன்படுகிறேன். ஆனால் மேற்பார்வையைச் சுருக்கமாகத் தாண்டிப் போய்விட்டார். எனக்கு நெஞ்சு அடைப்பது அங்கேதான்.

எங்கள் கல்லூரியில் ஒரு கட்டுரைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை வைத்தார்கள். நான்தான் அந்தச் சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். முதல் வருடம் கட்டுரைகள் மூன்று மடங்கு ஆயின. மேனேஜ்மென்ட்டுக்குத் தாங்க முடியாத மகிழ்ச்சி. இரண்டாம் வருடம் ஓர் இளம் ஆசிரியரின் கட்டுரையில் இரண்டு வெவ்வேறு சேர்மங்களுக்கு ஒரே எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர் கொண்டு எடுக்கும் அளவீட்டு) படம். ஒன்றைக் கொஞ்சம் மேலே நகர்த்திப் போட்டிருந்தார்கள், இரைச்சல்கூட முள்ளுக்கு முள் அப்படியே பொருந்தியது. இரண்டையும் பிரிண்ட் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். அந்த ஆசிரியரைக் கூப்பிட்டு மூலத் தரவைக் கேட்டேன். அவரிடம் இல்லை. படத்தைக் காசு கொடுத்து வெளியில் வாங்கியிருக்கிறார். அழுதார். வேலையை விட்டு எடுத்தார்கள். தொகை வைத்து அவரைத் துரத்தியது நாங்கள். அந்தக் கூட்டத்தில் நான் அதைச் சொன்னேன், குறிப்பேட்டில் ஏறவில்லை.

அதனால் சொல்கிறேன். கட்டுரை எண்ணிக்கைக்குப் பணம் என்று ஒரு வரிகூட உங்கள் கொள்கையில் வர வேண்டாம். அந்தப் பணத்தை மாதிரிகளை வெளியில் அனுப்பி அளந்து வாங்கும் கட்டணத்துக்குக் கொடுங்கள். சிறிய கல்லூரிகளில் தரவு விலைக்கு வாங்கப்படுவதற்கு முக்கியக் காரணம், நேர்மையாக அளப்பதற்குக் கருவியும் இல்லை, காசும் இல்லை என்பதுதான்.

யுஜிசி தன் கேர் இதழ்ப் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. எந்த இதழ் தரமானது என்று இனி ஒவ்வொரு நிறுவனமும் தானே முடிவு செய்ய வேண்டும். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் கல்வி நிறுவனத் தரவரிசையில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கவும் தொடங்கிவிட்டார்கள். இதனால் நிர்வாகங்கள் பயந்துபோய் எல்லாக் கட்டுரைகளையும் கருத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் ஒத்துமை மென்பொருளில் போட்டு 10 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் போதும் என்று விடுகின்றன. அந்த மென்பொருள் வார்த்தைகளைத்தான் பார்க்கும். நான் சொன்ன அந்த எக்ஸ்ஆர்டி கட்டுரைக்கு ஒத்துமை 6 விழுக்காடு.

என்ன செய்யலாம் என்றால், பக்க எண் அச்சிட்ட ஆய்வகக் குறிப்பேட்டைக் கல்லூரியே கொடுக்கட்டும். ஸ்காலர் போகும்போது அது நூலகத்துக்கு வர வேண்டும். மூலத் தரவுக் கோப்புகள் கல்லூரியின் ஒரு டிஸ்க்கில், கட்டுரை அனுப்புவதற்கு முன்பே. துறையில் இன்னொருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து படத்தையும் தரவையும் ஒத்துப் பார்க்கட்டும். என் லேபில் நான்கு வருடமாக இதைச் செய்கிறேன். ஸ்காலர்களுக்கு முதலில் சந்தேகப்படுகிறார்களோ என்று வருத்தம். இப்போது அவர்களே ஒருவர் தரவை இன்னொருவர் பார்க்கிறார்கள்.

பெரியவருக்கு ஒரு கேள்வி. சுழல் நிதி முன்பணத்தை ஜீரோ பேலன்ஸ் கணக்கிலிருந்து எப்படித் திரும்ப எடுப்பீர்கள்? வரம்பு வந்த பிறகு பணம் நேரே பயனாளிக்குத்தான் போக வேண்டும் என்கிறார்களே?

பழைய_செக்‌ஷன்காரர் எழுதியது:

சார், நியாயமான கேள்வி. நான் ஓய்வு பெறும் கட்டத்தில்தான் அந்த முறை வந்தது. நாங்கள் செய்தது இது. சாங்ஷன் ஆர்டர் வந்ததும் ஏஜென்சியின் நிதிப் பிரிவுக்கு ஒரு கடிதம்: தவணை தாமதமானால் உதவித்தொகையை நிறுவன நிதியிலிருந்து கொடுத்து, பிறகு ஈடுசெய்ய அனுமதி வேண்டும் என்று. எழுத்தில் பதில் வந்த திட்டங்களுக்கு முன்பணம் கொடுத்து, ஸ்காலர் கையெழுத்திட்ட மாதாந்திர வவுச்சரைக் கோப்பில் வைத்து, வரம்பு வந்ததும் நிறுவனக் கணக்குக்கு மாற்றினோம். பதில் வராத திட்டங்களுக்கு ஸ்காலரிடம் ஓர் உறுதிக் கடிதம். நிலுவை அவர் கணக்குக்கு நேரே வரும், வந்ததும் முன்பணத்தைக் கட்டிவிடுவார். எந்த ஸ்காலரும் கட்டாமல் இருந்ததில்லை. உள்ளாட்சி நிதித் தணிக்கையில் ஒரு முறை கேட்டார்கள், சிண்டிகேட் தீர்மானத்தைக் காட்டினேன், அப்ஜெக்‌ஷன் போடாமல் விட்டார்கள். கல்லூரியாக இருந்தால் ஆட்சிக்குழுத் தீர்மானம் கட்டாயம் இருக்கட்டும் மேடம். தீர்மானம் இல்லாமல் நல்ல மனதோடு கொடுத்த பணம்தான் பிறகு யாராவது ஒரு கிளார்க்கின் ஓய்வூதியத்தைப் பிடிக்கும்.

மேற்பார்வையை நான் தாண்டிப் போனது உண்மைதான். தரவைப் பார்க்கிற கண் எங்களுக்கு இல்லை. பில்லின் பின்பக்கத்தைத்தான் எங்களுக்குப் பார்க்கத் தெரியும். ஸ்டாக் ரிஜிஸ்டர் பக்க எண், பெற்றுக்கொண்டவர் கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து, தொகை எழுத்தில். இந்த நான்கும் இருந்தால் எனக்கு அந்த வேலை நடந்ததாக அர்த்தம். அது போதாது என்று நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் குறிப்பேட்டு யோசனையை மேடம் கட்டாயம் எழுத வேண்டும்.

தங்கச்சி, கைடு ஓய்வு பெறும் தேதியை வைத்து நாங்களே ஒரு பட்டியல் போட்டிருக்கலாம். எங்கள் பீரோவிலேயே எல்லோருடைய பிறந்த தேதியும் இருந்தது. போடவில்லை. நீ எழுதியதைப் படித்த பிறகுதான் உறைக்கிறது.

அலையாத்தி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத ஆறு நாள் ஆகிவிட்டது, எழுதிக்கொண்டே இருந்தேன்.

கொள்கை ஐந்து பக்கத்தில் முடிந்தது. முதல் பக்கம் ஐயா சொன்ன அந்தச் சான்றுதான். பழைய கோப்பிலிருந்து அதை எடுத்து முதல்வர் முன்னால் வைத்தேன். மூன்று முறை படித்தார். "இந்த மாதிரி ஒண்ணுல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேனா?" என்று கேட்டார். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு திட்டங்களிலும் போட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அலுவலகக் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டு, யூசி தேதிகளுக்கு நேராக அவர் பதவிப் பெயரை எழுதச் சொன்னார். கண்காணிப்பாளருக்குப் பிடிக்கவில்லை. தனக்கு ஒரு உதவியாளர் வேண்டும் என்றார். அது நியாயம், அதையும் எழுதியிருக்கிறேன்.

சுழல் நிதி ஆட்சிக்குழுவுக்குப் போகிறது. செயலாளர், "முதலில் ஒரு லட்சம் வைத்துப் பார்ப்போம்" என்றிருக்கிறார். அது ஒரு ஸ்காலருக்கு மூன்று மாதம்கூட வராது, ஆனாலும் தீர்மானம் என்று ஒன்று ஆகட்டும். கட்டுரைக்கு ஊக்கத்தொகை என்ற வரியை எடுத்துவிட்டேன். அதற்குத் துறைக் கூட்டத்தில் எதிர்ப்பு வந்தது. கொங்கு வேதியியல் சார் சொன்ன எக்ஸ்ஆர்டி விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள், நான்கு பேர் இல்லை. அளவீட்டுக் கட்டணமாக மாற்றியதில் எல்லோருக்கும் உடன்பாடு. ஸ்காலர் பக்கம் தனியாக இருக்கிறது. அதை எங்கள் ஸ்காலர்கள் மூன்று பேரை உட்கார வைத்து அவர்களையே எழுதச் சொன்னேன். நேரில் வந்து பேசுவதற்கு எங்கள் நூலகர் அக்காவைக் கேட்டார்கள், அவர் சரி என்றுவிட்டார்.

கேட்டில் அட்டை நேற்றே மாட்டியாயிற்று. எங்கள் வாட்ச்மேன் அண்ணன் எண்களைப் படித்துப் பார்த்துவிட்டு, "ராத்திரி பன்னெண்டு மணிக்கு வந்தாலும் கூப்பிடலாமா மேடம்?" என்று கேட்டார். கூப்பிடுங்கள் என்றேன். என் எண்ணைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன்.

பழைய கல்லூரியில் அந்த ஃப்ரீசர் இன்னும் ஓடுகிறதாம். மாதிரிகளை இங்கே மாற்றித் தரக் கேட்டு இன்று கடிதம் அனுப்பியிருக்கிறேன், அந்த நான்கு பக்கப் பட்டியலின் நகலை இணைத்து. ஐயா, ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாதிரி மாற்ற ஏஜென்சிக்கும் எழுத வேண்டுமா?

பழைய_செக்‌ஷன்காரர் எழுதியது:

திட்டம் முடிந்து கணக்கு மூடியிருந்தாலும் ஏஜென்சிக்கு ஒரு நகல் போடுங்கள் மேடம், வனத்துறைக்கும் ஒன்று. அனுமதி எந்த நிறுவனத்தின் பெயரில் வாங்கினீர்களோ அந்த ஆணையின் எண்ணைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். கொண்டுவரும் அன்று டிரை ஐஸ் கூடுதலாகவே போடச் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை வேண்டாம்.